நீக்கப்பட்ட ஒளிப்படங்களை மீட்கும் சி நிரல்

நீக்கப்பட்ட ஒளிப்படங்களை மீட்கும் சி நிரல் என்பது, நினைவட்டை போன்ற சேமிப்பகத்தில் அழிக்கப்பட்ட ஒளிப்படங்களை, கோப்பு முறைமையின் துணையின்றி, அவற்றின் பைட்டு அமைப்பைக் கொண்டே கண்டறிந்து மீண்டும் கோப்புகளாக எழுதும் கணினி நிரல் ஆகும். இம்முறை கணினித் தடயவியலில் கோப்புச் செதுக்கல் எனப்படும். நிரல் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் அடங்கிவிடுவதாலும், கோப்புகள், சுட்டிகள், நினைவகம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்துவதாலும், சி மொழி பயிலத் தொடங்குவோருக்கு இது ஒரு பயிற்சியாகத் தரப்படுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மலான் நடத்தும் சிஎஸ்50 பாடத்தில் இடம்பெற்ற 'ரெகவர்' என்னும் பயிற்சி இவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும். அப்பயிற்சியில் வழங்கப்படும் நினைவட்டைப் பிரதியில் 50 ஒளிப்படங்கள் உள்ளன.

இந்நிரலில் தோன்றும் வழுக்கள் இருவகைப்படும். நிரலை இடையில் நிறுத்திவிடும் வழுக்கள் உடனே தெரிந்துவிடும். நிரல் இயல்பாக முடிந்தது போலத் தோன்றி, சில படங்களை விட்டுவிடும் அல்லது சிதைத்துவிடும் வழுக்கள் எளிதில் தெரிவதில்லை. இரண்டாம் வகையே கூடுதல் தீங்கு விளைவிப்பதாகும்.

தேவை

மீண்டும் எடுக்க இயலாத ஒளிப்படங்களைப் பொறுத்தவரை இந்நிரலின் துல்லியம் இன்றியமையாதது. தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எடுக்கப்படும் நிலவியல் களப்படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி 1995 இல் பெரம்பலூர் மாவட்டம் ஆயிற்று. அதிலிருந்து அரியலூர் மாவட்டம் 2001 இல் பிரிக்கப்பட்டு, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாக அமைக்கப்பட்டது.

இவ்விரு மாவட்டங்களிலும் கிரீத்தேசியக் காலத்துக் கடற்படிவுப் பாறைகள் வெளித்தெரிகின்றன. காரை சிற்றூரை அடுத்த அரிப்பு நிலங்களில் அம்மோனைட்டுகள் முதலிய தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940 இல் கண்டறிந்தார். அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே டைனோசர் முட்டைகள் கண்டறியப்பட்டதாக 2009 இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

ஓர் எச்சம் எந்த அடுக்கில், எந்தத் திசையில், எவற்றின் அருகே கிடந்தது என்பதை, அதை எடுப்பதற்கு முன் அளவுகோல் வைத்துப் பிடிக்கப்படும் ஒளிப்படமே காட்டும். எச்சம் அருங்காட்சியகம் சென்ற பின்னர் அந்நிலையை மீட்டெடுக்க முடியாது. காரை நிலப்பரப்பு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரிக்கப்படுகிறது. அரியலூர்ப் பகுதியிலோ சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுவதால் எச்சங்களைக் கொண்ட அடுக்குகளே அகன்றுவிடுகின்றன. இத்தகைய களப்படங்கள் உள்ள நினைவட்டை தவறுதலாக அழிக்கப்பட்டால், அதே இடத்திற்குச் சென்று மீண்டும் படம் எடுக்கும் வாய்ப்பு இராது. ஐம்பது படங்களில் நாற்பத்தொன்பதை மட்டும் மீட்டு, பிழை எதனையும் அறிவிக்காமல் முடியும் நிரல் இங்கு பயனற்றதாகிவிடும்.

கோப்பு நீக்கப்படும் முறை

நினைவட்டைகளில் பொதுவாக ஃபேட் வகைக் கோப்பு முறைமை பயன்படுகிறது. 2 கிகாபைட்டு வரையிலான எஸ்டி அட்டைகளில் ஃபேட்16, 32 கிகாபைட்டு வரையிலானவற்றில் ஃபேட்32, அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபேட் ஆகியவை வழக்கில் உள்ளன. ஃபேட்16, ஃபேட்32 முறைமைகளில் ஒரு கோப்பு நீக்கப்படும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன.

1. அடைவுப் பதிவில் கோப்புப் பெயரின் முதல் பைட்டு 229 என்னும் மதிப்பாக மாற்றப்படும்.
2. அக்கோப்பு பிடித்திருந்த இடங்கள் ஒதுக்கீட்டு அட்டவணையில் வெற்றிடம் எனக் குறிக்கப்படும்.

ஒளிப்படத்தின் தரவு அழிக்கப்படுவதில்லை. அவ்விடத்தில் வேறொரு கோப்பு எழுதப்படும் வரை அது அப்படியே இருக்கும். எனவே, படங்கள் அழிந்தது தெரிந்தவுடன் அந்த அட்டையில் புதிய படம் எடுப்பதை நிறுத்த வேண்டும். மீட்கப்படும் கோப்புகளையும் அதே அட்டையில் எழுதுதல் கூடாது.

ஜேபெக் கோப்பின் அடையாளம்

ஜேபெக் தரத்தின் அடிப்படை ஆவணம் 1992 இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் 255, 216, 255 என்னும் மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். நான்காவது பைட்டு பெரும்பாலும் 224 முதல் 239 வரையிலான பதினாறு மதிப்புகளுள் ஒன்றாக இருக்கும். ஜேஃபிஃப் வகைக் கோப்பில் அது 224 ஆகவும், எண்மப் புகைப்படக்கருவிகள் எழுதும் எக்ஸிஃப் வகையில் பெரும்பாலும் 225 ஆகவும் அமையும். கோப்பின் முடிவில் 255, 217 என்னும் இரண்டு பைட்டுகள் இருக்கும்.

சுருக்கப்பட்ட படத்தரவினுள் 255 என்னும் மதிப்பு வர நேர்ந்தால் அதன் பின் 0 சேர்க்கப்படும். ஆகவே, தொடக்க அடையாளம் படத்தரவின் நடுவே தற்செயலாகத் தோன்றாது. எனினும், எக்ஸிஃப் பகுதியினுள் ஒரு சிறுபடம் தனி ஜேபெக்காகவே பொதிந்திருப்பதுண்டு. அச்சிறுபடத்திற்கும் தனித் தொடக்கமும் முடிவும் உண்டு. இதனால் விளையும் வழுக்கள் பின்னர் விளக்கப்படுகின்றன.

படிமுறை

ஃபேட் முறைமை கோப்புகளை 512 பைட்டுத் தொகுதிகளின் எல்லையிலேயே தொடங்குகிறது. ஆகையால் நிரல் ஒவ்வொரு பைட்டையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுதியின் முதல் நான்கு பைட்டுகளைச் சோதித்தால் போதும். பொதுவான படிமுறை பின்வருமாறு.

1. நினைவட்டையின் முழுப் பிரதியைப் படிக்கும் நோக்கில் மட்டும் திறத்தல்.
2. 512 பைட்டுகளை ஓர் இடையகத்தில் படித்தல்.
3. தொகுதி ஜேபெக் அடையாளத்துடன் தொடங்கினால், முன்பு திறந்திருந்த கோப்பை மூடிவிட்டு, அடுத்த எண்ணில் புதிய கோப்பைத் திறத்தல்.
4. ஏதேனும் ஒரு கோப்பு திறந்திருந்தால் அத்தொகுதியை அதில் எழுதுதல்.
5. முழுத் தொகுதி கிடைக்காத நிலை வரும்வரை இரண்டாம் படி முதல் மீண்டும் செய்தல்.
6. திறந்திருக்கும் கோப்புகள் அனைத்தையும் மூடுதல்.

வழக்கமான வழுக்கள்

நிரல் நின்றுவிடும் வழுக்கள்

அட்டையின் முதல் தொகுதிகளில் படம் எதுவும் இராது. முதல் அடையாளம் தென்படும் முன்பே எழுத முற்பட்டால், திறக்கப்படாத கோப்பின் சுட்டி பயன்படுத்தப்பட்டு நிரல் நினைவகப் பிழையுடன் நின்றுவிடும். எழுதும் முன் கோப்பு திறந்துள்ளதா எனச் சோதித்தலே இதற்குத் தீர்வு. சுட்டிக்குத் தொடக்கத்திலேயே வெற்று மதிப்பு தரப்பட்டிருந்தால் மட்டுமே இச்சோதனை பயன்தரும்.

கோப்புகளை மூடாமல் விட்டால், இயங்குதளம் ஒரு நிரலுக்கு அனுமதிக்கும் எண்ணிக்கையைக் கடந்தவுடன் புதிய கோப்பு திறக்கப்படாது. சில படங்களே உள்ள சோதனைப் பிரதியில் இவ்வழு வெளிப்படாது.

எதுவும் கிடைக்காத வழுக்கள்

நிரல் அமைதியாக முடிந்து, ஒரு படமும் கிடைக்காதிருப்பின் பெரும்பாலும் பின்வரும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

முதலாவது, இடையகத்தைக் குறியுள்ள 'கேர்' வகையில் அறிவித்தல். இவ்வகையின் மதிப்பு -128 முதல் 127 வரை மட்டுமே இருக்கும். 255 என்னும் பைட்டு -1 ஆகவும், 216 என்பது -40 ஆகவும் படிக்கப்படும். எனவே 255 உடன் ஒப்பிடும் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. வழக்கமான மேசைக் கணினிகளில் 'கேர்' குறியுள்ளதாகவும், ஆர்ம் செயலிகளில் இயங்கும் லினக்சில் குறியற்றதாகவும் கொள்ளப்படுவதால், ஒரே நிரல் ஒரு கணினியில் இயங்கி மற்றொன்றில் தோற்பதும் உண்டு. குறியற்ற எட்டுபிட்டு எண் வகையைப் பயன்படுத்துவது இதனைத் தீர்க்கும்.

இரண்டாவது, செயற்குறிகளின் முன்னுரிமை. நான்காவது பைட்டின் மேல் நான்கு பிட்டுகளை மட்டும் பிரித்தெடுக்க, அதனை 240 உடன் பிட்டுவாரி 'உம்' செய்து, விடை 224 ஆ எனச் சோதிப்பது வழக்கம். சி மொழியில் சமன் ஒப்பீடு, பிட்டுவாரி 'உம்' செயலுக்கு முன்பே நிகழும். அடைப்புக்குறி இடாவிடில் 240 உம் 224 உம் முதலில் ஒப்பிடப்பட்டு 0 கிடைக்கும்; எந்த எண்ணையும் 0 உடன் 'உம்' செய்தால் 0 தான். நிபந்தனை எப்போதும் பொய்யாகிவிடும். இது பார்வைக்குச் சரியான வரி போலவே தோன்றும்.

மூன்றாவது, மூலப் பிரதியைத் திறக்கும்போது 'படித்தல்' என்பதற்குப் பதிலாக 'எழுதுதல்' எனக் குறித்துவிடுதல். இவ்வாறு திறந்த நொடியிலேயே கோப்பின் நீளம் சுழியாகிவிடும். பிரதி ஒன்றே ஒன்றாக இருந்தால் வேலை தொடக்கத்திற்குத் திரும்பிவிடும்.

அமைதியான வழுக்கள்

* நான்காவது பைட்டை 224 உடன் மட்டும் ஒப்பிடுதல். புகைப்படக்கருவியின் எக்ஸிஃப் படங்கள் விடுபடும். அவற்றின் தொகுதிகள் முந்தைய படத்தின் வாலாக எழுதப்பட்டுவிடும். படத்தைக் காட்டும் மென்பொருள்கள் முடிவு அடையாளத்திற்குப் பின் உள்ளவற்றைப் பொருட்படுத்தாததால், முந்தைய படம் நன்றாகவே தெரியும், விடுபட்டது தெரியாது.
* அடையாளம் கண்ட தொகுதியை மட்டும் எழுதுதல். எண்ணிக்கை சரியாக இருக்கும்; ஆனால் ஒவ்வொரு கோப்பும் சரியாக 512 பைட்டு நீளமே இருக்கும்.
* முடிவு அடையாளம் கண்டவுடன் கோப்பை மூடுதல். எக்ஸிஃப் சிறுபடத்தின் முடிவே முதலில் வருமாதலால் பெரிய படம் துண்டிக்கப்படும்.
* ஒவ்வொரு பைட்டிலும் தொடக்க அடையாளத்தைத் தேடுதல். சிறுபடத்தின் தொடக்கத்தைப் புதிய படமாகக் கருதி, ஒரு படம் இரண்டாகப் பிளக்கப்படும்.
* இடையகம் இயங்குநிலையில் ஒதுக்கப்பட்டிருக்க, அதன் சுட்டியின் அளவைக் கேட்டுப் படித்தல். 64 பிட்டுக் கணினியில் 512 க்குப் பதிலாக 8 பைட்டுகளே படிக்கப்படும்.
* கோப்பின் முடிவைச் சோதிக்கும் செயற்கூற்றை மட்டும் நம்பி வளையத்தை நடத்துதல். படிக்க முயன்று தோற்ற பின்னரே அச்செயற்கூறு முடிவை அறிவிக்கும். அதற்குள் கடைசித் தொகுதி இருமுறை கையாளப்பட்டுவிடும். எத்தனை பைட்டுகள் உண்மையில் படிக்கப்பட்டன என்பதைச் சோதிப்பதே சரியான முறை.
* விண்டோசு இயங்குதளத்தில் இருமக் கோப்பு எனக் குறிப்பிடாமல் திறத்தல். எழுதும்போது 10 என்னும் ஒவ்வொரு பைட்டின் முன்பும் 13 செருகப்பட்டுப் படம் சிதையும். படிக்கும்போது 26 என்னும் பைட்டு கோப்பின் முடிவாகக் கருதப்படும். லினக்சில் எழுதிச் சோதித்த நிரல் இங்கு தோற்பதற்கு இது பொதுவான காரணமாகும்.
* கோப்புப் பெயருக்குப் போதிய இடம் ஒதுக்காமை. மூன்று இலக்கம், புள்ளி, மூன்றெழுத்து நீட்சி ஆகியவற்றுக்கு 7 பைட்டுகளும், சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழிக்கு 1 பைட்டும் தேவை. 7 மட்டும் ஒதுக்கினால் அடுத்துள்ள மாறி பாதிக்கப்படலாம். 8 ஒதுக்கினாலும், 000 இலிருந்து எண்ணும்போது 1000 என்னும் எண்ணை எட்டியவுடன் பெயர் ஓர் இலக்கம் நீண்டு அதே வழு தோன்றும்.

வழுநீக்கும் முறை

தொகுப்பியின் எச்சரிக்கைகள்

ஜிசிசி தொகுப்பியில் எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி கேட்டால், மேற்கூறிய அடைப்புக்குறி வழுவைத் தொகுப்பியே சுட்டிக்காட்டும். எச்சரிக்கை ஒன்றும் இல்லாத நிலைக்கு நிரலைக் கொண்டுவந்த பிறகே அடுத்த படிக்குச் செல்வது நன்று.

சிறு சோதனைக் கோப்பு

பெரிய அட்டைப் பிரதியில் வழுவைத் தேடுவதைவிட, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சிறு கோப்பைக் கையால் உருவாக்குதல் பயனுள்ளது. நான்கு தொகுதிகள், அதாவது 2048 பைட்டுகள் போதும். முதல் தொகுதி முழுவதும் சுழி. இரண்டாம் தொகுதி ஜேபெக் அடையாளத்துடன் தொடங்குவது. மூன்றாவது ஏதேனும் நிரப்புத் தரவு. நான்காவது மீண்டும் அடையாளத்துடன் தொடங்குவது. சரியான நிரல் 1024 பைட்டு நீளமுள்ள ஒரு கோப்பையும் 512 பைட்டு நீளமுள்ள மற்றொரு கோப்பையும் தர வேண்டும்.

இதிலிருந்து விலகும் விடை வழுவின் வகையைக் காட்டிக்கொடுக்கும்.

* நிரல் முதல் தொகுதியிலேயே நின்றால், திறக்காத கோப்பில் எழுத முயல்கிறது.
* கோப்பு எதுவும் கிடைக்காவிட்டால், பைட்டு வகையிலோ அடைப்புக்குறியிலோ பிழை உள்ளது.
* இரண்டும் 512 பைட்டாக இருந்தால், தொடரும் தொகுதிகள் எழுதப்படவில்லை.
* மூன்று கோப்புகள் கிடைத்தால், கடைசித் தொகுதி இருமுறை கையாளப்படுகிறது.

ஓர் அடையாளத்தின் நான்காவது பைட்டை 224 எனவும் மற்றதை 225 எனவும் வைத்தால், எக்ஸிஃப் படங்களை விட்டுவிடும் வழுவும் இதிலேயே வெளிப்படும்.

கருவிகள்

நிரலை வரிவரியாக நிறுத்தி மாறிகளின் மதிப்பைக் காண ஜிடிபி பயன்படுகிறது. முதல் நான்கு பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பார்த்தால் -1, -40 போன்ற மதிப்புகள் உடனே கண்ணில் படும். எல்லை மீறி எழுதுவதையும் விடுவிக்கப்படாத நினைவகத்தையும் கண்டறிய வால்கிரைண்ட், அட்ரசு சானிட்டைசர் ஆகியவை உதவும். பெயருக்கான இடப் பற்றாக்குறை போன்ற, அணியின் எல்லை மீறும் வழுக்களுக்குப் பின்னது ஏற்றது.

விடையைச் சரிபார்த்தல்

கோப்புகள் திறந்து பார்க்கும்போது நன்றாகத் தெரிவது மட்டும் போதிய சான்று ஆகாது. மூலப் பிரதியில் உள்ள தொடக்க அடையாளங்களின் எண்ணிக்கையும் மீட்ட கோப்புகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். முதல் அடையாளத்திலிருந்து பிரதியின் இறுதி வரை உள்ள தொலைவும், மீட்ட கோப்புகளின் நீளங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நிரலை இயக்குவதற்கு முன்னும் பின்னும் மூலப் பிரதியின் எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணித்து ஒப்பிட்டால், நிரல் மூலத்தைத் தொடவில்லை என்பது உறுதியாகும்.

களப்படங்களை மீட்டல்

உண்மையான நினைவட்டையைக் கையாளும்போது, அட்டையின் பூட்டுப் பொத்தானை இட்டு, அதன் முழுப் பிரதியை முதலில் கணினியின் வன்தட்டில் எடுக்க வேண்டும். லினக்சில் இதற்கு 'டிடி' கட்டளை பயன்படுகிறது. பிரதியின் மற்றொரு பிரதியில்தான் நிரலைச் சோதிக்க வேண்டும். பாறையிலிருந்து எச்சத்தை எடுப்பவர் முதலில் அதன் கிடக்கையைப் பதிவு செய்வதைப் போன்ற ஒழுங்கு இது.

மீட்கப்பட்ட கோப்புகளுக்குப் பழைய பெயரும் அடைவுத் தேதியும் கிடைப்பதில்லை. எனினும், எக்ஸிஃப் பகுதி கோப்பினுள்ளேயே இருப்பதால், படம் எடுக்கப்பட்ட நாள், நேரம், கருவி ஆகியவை மீள்கின்றன. புவியிடங்காட்டி உள்ள கருவியாயின் இட ஆயங்களும் கிடைக்கலாம். களக் குறிப்பேட்டில் எழுதிய நேரத்துடன் இவற்றை ஒப்பிட்டு, எந்தப் படம் காரையில் எடுத்தது, எந்தப் படம் சாத்தனூரில் எடுத்தது எனப் பிரித்தறிய முடியும்.

கல்வியில்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெறுகின்றன. அரியலூரில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகும். அப்பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஆம் ஆண்டுப் பாடத்திட்டங்களில் முதற்பருவத்தில் பைத்தானும், கணினி அறிவியல் பிரிவினருக்கு அடுத்த பருவத்தில் சியும் அமைந்துள்ளன. பைத்தானில் தொடங்கிச் சி மொழிக்கு வரும் மாணவர்களுக்கு, பைட்டின் குறி, இடையகத்தின் எல்லை, சுட்டியின் அளவு ஆகியவை புதியவை. மேற்கூறிய வழுக்களில் பல இம்மூன்றிலிருந்தே பிறக்கின்றன.

வரம்புகள்

இந்த எளிய நிரல், ஒவ்வொரு படமும் தொடர்ச்சியான தொகுதிகளில் இருப்பதாகக் கொள்கிறது. அட்டையில் இடையிடையே அழித்து எழுதினால் ஒரு படம் சிதறிய துண்டுகளாகப் பதிவாகக்கூடும். சிம்சன் கார்ஃபிங்கல் 300 க்கும் மேற்பட்ட பழைய வன்தட்டுகளை ஆய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், ஜேபெக் கோப்புகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு துண்டுபட்டிருந்ததாகக் குறிப்பிட்டார். அத்தகைய படத்தின் மேற்பகுதி சரியாகவும் கீழ்ப்பகுதி சிதைந்தும் தோன்றும். இது நிரலின் வழு அன்று. முறையின் வரம்பு ஆகும்.

மேலெழுதப்பட்ட தரவை இம்முறையால் மீட்க இயலாது. திண்மநிலை வட்டுகளில் டிரிம் கட்டளை செயற்பட்டிருந்தால், நீக்கிய தரவு பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்க வான்படையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவில் கிரிசு கெண்டலும் ஜெசி கோர்ன்புளூமும் எழுதிய ஃபோர்மோஸ்ட், இத்துறையின் தொடக்ககால மென்பொருள்களுள் ஒன்று. பிரான்சு நாட்டின் கிறிஸ்டோஃப் கிரேனியர் எழுதிய ஃபோட்டோரெக் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. துண்டுபட்ட கோப்புகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றிணைப்பது குறித்து குலேசு சண்முகசுந்தரமும் நசீர் மேமனும் 2003 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். 2006 ஆம் ஆண்டின் எண்மத் தடயவியல் ஆய்வுப் பட்டறையான டிஎஃப்ஆர்டபிள்யூஎஸ், கோப்புச் செதுக்கலையே தன் அறைகூவல் போட்டியின் பொருளாக்கியது.

இவற்றையும் பார்க்க

* சி (நிரலாக்க மொழி)
* கோப்பு முறைமை
* ஜேபெக்
* வழுநீக்கல்
* சாத்தனூர் கல்மரப் பூங்கா